மூன்றாவது போர்வெல்லின் பாக்கி

பக்கத்து மனையில் போர் போடுகிறார்கள். காலையிலிருந்து ஈரக் கல்பொடி வாசனை. கொடியில் காய்ந்த வேட்டியெல்லாம் சாம்பல் நிறம். ஜன்னலை அடைத்த பிறகும் உன் ஞாபகம் வந்துவிட்டது. நல்ல ஞாபகம் என்று சொல்ல முடியாது.

வெள்ளிமலையில் நம் டிரஸ்ட் நடத்தும் மாணவியர் விடுதிக்குப் பின்னால் இரண்டு இடத்தில் போட்ட போர் வறண்டு போயிருந்தது. மூன்றாவதிலும் புழுதிதான். நிறுத்தலாமா என்றார் துளை போடும் ரிக் வண்டிக்காரர். "இன்னும் நூறடி போப்பா" என்றாய். டிரஸ்டில் பணம் இருக்கிறதா என்று உன் காதோடு கேட்டேன்.

"இன்னாடா, தண்ணி வர நேரத்துல கணக்கு கேட்டுகினு! கையெழுத்தப் போடு, மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

அறங்காவலர் என்ற முறையில் ரிக் வண்டிக்காரரின் தாளில் போட்டேன். தண்ணீரும் வந்தது. அடுத்த மழைக்கு முன் நீ போய்விட்டாய். மிச்சத்தை யார் பார்ப்பது?

ரிக் வண்டிக்காரர் போன மாதம் பாக்கி கேட்டுக் கள்ளக்குறிச்சியில் என் வீட்டுக்கே வந்தார். டிரஸ்ட் கணக்கில் ஒன்றுமில்லை என்று பொறுமையாக விளக்கினேன்.

"டிரஸ்ட்டுன்றவரு வூடு எங்க, சொல்லுங்க சார். அவரையே போய்க் கேட்டுக்கறேன். எனக்குத் தெரிஞ்சது நீங்கதான்" என்றார், மரியாதையாகவே.

உள்ளேயிருந்து என் மனைவி, "உங்க சிநேகிதரு நிம்மதியா போய்ச் சேந்துட்டாரு. நீங்க பதில் சொல்லிகினு இருங்க" என்றாள்.

வக்கீலும் அதையேதான் சட்டமாகச் சொன்னார். டிரஸ்ட் என்று தனியாக ஓர் ஆள் இல்லை. கையெழுத்திட்ட அறங்காவலர்தான் கடனுக்குப் பொறுப்பு. கொடுத்துவிட்டு, டிரஸ்ட் சொத்திலிருந்து எடுத்துக்கொள்ள உரிமை உண்டாம். எந்தச் சொத்து? அந்த விடுதியும் அந்தக் குழாயும்தானே! பிள்ளைகளை வெளியேற்றி விற்றால்தான் என் பணம் எனக்கு. இதையெல்லாம் நீ யோசித்தாயா? நான்தான் யோசித்தேனா? தெரியவில்லை.

மருந்துச் செலவுக்கென்று வைத்திருந்த டெபாசிட்டை உடைத்துக் கொடுத்தாயிற்று. "அறங்காவலரா வேற ஆளப் போட்டுட்டு விலகிடுங்க சார், அடுத்த கடனாவது உங்க தலையில விழாது" என்றார் வக்கீல். நியாயமாகப் பட்டது. விடுதிக் காப்பாளரிடம் நேரில் சொல்லிவிடலாம் என்று நேற்று மலைக்குப் பஸ் ஏறினேன்.

நான் வாயெடுப்பதற்குள் அந்த அம்மா, "நல்லவேளை வந்தீங்க ஐயா. மோட்டாரு தண்ணி இழுக்கல. பிள்ளைங்க குடத்தத் தூக்கிகினு ஓடைக்குப் போவுதுங்க. யாருகிட்ட சொல்றதுன்னே தெரியல" என்றார்.

உனக்கென்ன, எப்போதும் ஒரு பதில் தயாராக இருக்கும். சொல்லிவிட்டுச் சிரிப்பாய். நான் கச்சிராயபாளையத்து மெக்கானிக்குக்குப் போன் செய்தேன். உடனே வருவதாகச் சொன்னவர், "பில்லு யாரு பேர்ல சார்?" என்றார்.

டிரஸ்டின் பெயரைச் சொல்லத் தொடங்கி, நிறுத்தி, என் பெயரைச் சொன்னேன்.