ஸ்னெஜானா சிரிக்கவில்லை

பிப்ரவரி 4

பனி உருகித் தெருவெல்லாம் சேறு. ஈரக் காலுறையோடு ஸ்டூடியோவில் உட்கார்ந்து சலவைத்தூள் விளம்பரத்துக்குக் குரல் கொடுத்தேன். “இன்னும் கொஞ்சம் சந்தோஷமா, வெனெதா” என்று தயாரிப்பாளர் தோன்கா கண்ணாடிக்கு அந்தப்பக்கமிருந்து கை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

முடிந்ததும் ஒரு தடித்த புத்தகத்தை என் முன்னால் வைத்தாள். லுபெனின் புது நாவல், ‘கரையில் மூவர்’. ஒலிப்புத்தகமாகப் போடப் போகிறார்களாம். என் குரல்தான் வேண்டும் என்று அவனே கேட்டானாம். லுபென் எங்கள் ஊர்க்காரன், என்னோடு பள்ளியில் படித்தவன். பேய்க்கதை எழுதிப் பெரிய ஆளாகிவிட்டான். படிக்காமலே சரி என்று சொல்லிவிட்டேன். வேலை வந்தால் யார் வேண்டாம் என்பார்கள்?

பிப்ரவரி 6

நன்றாக எழுதியிருக்கிறான், பாவி. பயமாகத்தான் இருக்கிறது.

குழந்தை பிறந்த மூன்றாம் நாள் மூன்று விதிச் சகோதரிகள் வந்து அதன் ஆயுளைத் தீர்மானிப்பார்கள் என்று எங்கள் பக்கத்தில் நம்புவார்கள் அல்லவா, அதை எடுத்துக்கொண்டிருக்கிறான். ஏரிக்கரையில் மூன்று பெண்கள் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். பெயர் கேட்டவர் செத்தார். தப்பித்தவரையும் தேடி வருகிறார்கள், அப்போது பக்கத்தில் இருப்பவரையும் சேர்த்துக் கொண்டுபோகிறார்கள். ஊர்ப் பெயர் மாற்றம். ஆனால் ஏரி எங்கள் ஏரி, கோர்னா வோடா ஏரிதான். அணைச்சுவரில் இருக்கும் அந்த விரிசல்கூட வருகிறது.

பிப்ரவரி 7

ஒன்பதாம் அத்தியாயம்.

மாதா திருநாள். அக்கரை மடாலயத்துக்குப் போகும் படகு. அதில் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதிக்கிற ஒரு பெண். மஞ்சள் மழைக்கோட்டு. என் தங்கை. பெயரை மட்டும் மாற்றினால் ஆயிற்றா? ஸ்னெஜானாவின் மழைக்கோட்டை நான்தானே வாங்கிக் கொடுத்தேன். அதைப் போட்டுக்கொண்டுதான் அந்தத் திருநாள் படகில் ஏறி மூழ்கிப்போனாள்.

படகு நடு ஏரிக்குப் போகிறது. கரையிலிருந்து அவள் பெயர் கேட்கிறது. அவள் சிரிக்கிறாள். கைப்பையைப் பெஞ்சின் மேல் வைத்துவிட்டு, “புகுந்த வீட்டுக்குப் போகும் மணப்பெண் போல” தண்ணீருக்குள் இறங்குகிறாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக. யாரும் கத்தவில்லை. யாரும் எதையும் பிடித்துக்கொள்ளவில்லை. நேரம் வந்துவிட்டது, போகிறார்கள்.

புத்தகத்தைச் சுவரில் விட்டெறிந்தேன். பிறகு எடுத்து மறுபடியும் படித்தேன்.

பிப்ரவரி 8

அவள் சிரித்திருக்க மாட்டாள்.

பிப்ரவரி 11

லுபெனைப் பார்த்தேன். அவனே காபி வாங்கிக் கொடுத்தான், கதவைத் திறந்துவிட்டான், கோட்டைக் கழற்ற உதவினான். இவ்வளவு மரியாதையோடு ஒருவன் எப்படி இதைச் செய்கிறான்?

“அவளுக்கு நான் ஒரு அழகான சாவு கொடுத்திருக்கேன் வெனெதா” என்றான்.

“யாருடா உன்கிட்டக் கேட்டா?”

“இது கதை. பேய்க்கதையில விதி இல்லாம சாவு எப்படி வரும்?”

“பேய் வரட்டும், வேண்டாங்கல. கோரமா எழுது, ராத்திரி தூங்க விடாம எழுது. ஆனா அந்தப் படகு ஓட்டை. தாங்குற அளவுக்கு மேல ஆளை ஏத்தினான் ஹாஜியெவ். உன் புத்தகத்துல ஹாஜியெவ் எங்க? ஒரு படகு முதலாளியே கிடையாதே! படகு தானா வருது, தானா போகுது!”

கரண்டியால் காபியைக் கலக்கினான். பிறகு, “வாசகருக்கு முதலாளி வேண்டாம், அதுக்கு மேல இருக்கிறது வேணும்” என்றான். அதை எங்கேயோ மேடையில் சொல்லிப் பழகியிருப்பான் போல. நிறுத்தி நிறுத்திச் சொன்னான்.

காபியைக் குடிக்காமல் வந்துவிட்டேன். வழியெல்லாம் சொல்லியிருக்க வேண்டிய பதில்கள் வந்துகொண்டே இருந்தன. எப்போதும் எனக்கு இப்படித்தான்.

பிப்ரவரி 16

அம்மாவைப் பார்க்கக் கோர்னா வோடாவுக்குப் போனேன். அம்மாவின் கட்டில் பக்கத்தில் அந்தப் புத்தகம்! யாரோ கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். ஒன்பதாம் அத்தியாயத்தில் பின்னல் ஊசியை அடையாளமாக வைத்திருக்கிறாள்.

“சிரிச்சுக்கிட்டே போனாளாம்டீ. அவளுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. வலியே இருந்திருக்காது.”

“அம்மா, அது அவன் கற்பனை.”

“இருக்கட்டுமே. நான் இப்பதான் கொஞ்சம் தூங்குறேன். உனக்கு என்ன போகுது?”

எனக்கு என்ன போகிறது? அம்மா சுட்ட பனிட்சாவை, அந்தப் பாலாடைக்கட்டி அடையை, தட்டிலேயே பிய்த்துக்கொண்டிருந்தேன். அம்மா தூங்குவது நல்லதுதான். ஆனால் அந்தத் தூக்கத்துக்கு விலையாக என் தங்கையை ஊமையாக்கியிருக்கிறானே அவன்! பஸ்ஸில் டிக்கெட் இல்லாத ரௌடியைச் சட்டையைப் பிடித்து இறக்கியவள். ஒரு கல்யாணத்தில் பாதிரியார் தப்பாக வாசித்தபோது நிறுத்தித் திருத்தியவள். அவளா சத்தமில்லாமல் போவாள்?

அம்மாவிடம் சண்டை போட முடியாது. கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

பிப்ரவரி 17

தோன்காவிடம் கொஞ்ச நாள் அவகாசம் கேட்டிருக்கிறேன். “முதல் எட்டு அத்தியாயத்தையாவது பதிஞ்சுடலாமே” என்கிறாள்.

மார்ச் 1

ஊரில் எல்லோர் மணிக்கட்டிலும் சிவப்பும் வெள்ளையுமாக வசந்தக் கயிறு. எனக்கு அம்மா கட்டிவிட்டாள். ரொட்டி வாங்கக் கடைக்குப் போனேன். அங்கே ஒக்னியான் நின்றுகொண்டிருந்தான்.

ஒக்னியான் அந்தப் படகில் கயிறு வீசும் வேலை பார்த்தவன். உயிரோடு வந்த சிலரில் ஒருவன். மற்றவர்கள் எல்லாம் வெளியூர் யாத்திரிகர்கள், இவன் மட்டும்தான் இந்த ஊர். கடைக்காரி மீதிச் சில்லறையை அவன் கையில் கொடுக்காமல் தட்டில் போட்டாள். அவன் கதவைத் தாண்டியதும் சிலுவை போட்டுக்கொண்டாள்.

“என்ன இது?” என்றேன்.

“உனக்குத் தெரியாதா? அவனைத் தேடி வந்துக்கிட்டே இருக்காங்களாம் அந்த மூணு பேரும். பஸ்ல அவன் பக்கத்துல யாரும் உட்கார மாட்டேங்குறாங்க.”

“யார் சொன்னா?”

“புத்தகத்துல இருக்கே!”

நாற்பது வயதுப் பெண்மணி. வாக்களிக்கிறவள். புத்தகத்தில் இருக்கிறதாம்.

அவன் பின்னாலேயே போனேன். அவன் தன் வீட்டு வாசலில் அசையாமல் நின்றுகொண்டிருந்தான். கதவில் துக்க அறிவிப்புத் தாள். ஒருவர் செத்தால் ஊர்ச் சுவர்களிலும் வீட்டுக் கதவிலும் ஒட்டுவோமே, கறுப்புக் கரை போட்டு, படத்தோடு, அதே தாள். படத்தில் ஒக்னியான். பிறந்த தேதி போட்டிருந்தது. இறந்த தேதிக்கு நேரே வெறும் இடம்.

எவனோ உட்கார்ந்து அச்சடித்து, பசை தடவி, வந்து ஒட்டியிருக்கிறான். வேடிக்கையாம்! சுரண்டிச் சுரண்டி எடுத்தேன். நகம் உடைந்தது. ஒக்னியான் தடுத்தான்.

“விடுங்க அக்கா. நாளைக்கு மறுபடி ஒட்டுவானுங்க. அதுவும் பொய்யில்லையே. எனக்கு நாள் முடிஞ்சுபோச்சு. ஏதோ மறந்து விட்டு வெச்சிருக்காங்க.”

“வாயை மூடுடா!” என்று கத்தினேன். தெருவில் இரண்டு ஜன்னல் திறந்தது. திறக்கட்டும்.

மார்ச் 2

நேற்று மீதியை எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

வீட்டுக்குள் கூப்பிட்டான். மனைவி ஸ்பெயினில் முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். இவன் தனியாள். புதினாத் தேநீர் போட்டான். மே மாதம் ஹாஜியெவ் மேல் வழக்கு வருகிறது, சாட்சி சொல்லப் போவாயா என்று கேட்டேன். போகமாட்டானாம். “போய் என்ன ஆகப்போகுது அக்கா? எழுதினபடிதான் நடந்துச்சு.”

“யார் எழுதினபடி? லுபெனா?”

அதற்கு அவன் சிரிக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே, “அந்தப் பெட்டி பூட்டியிருந்துச்சு” என்றான்.

எந்தப் பெட்டி?

லைஃப் ஜாக்கெட் பெட்டி. போலீஸ் அறிக்கையில் பெட்டி திறந்தே இருந்தது, பயணிகள்தான் பதற்றத்தில் எடுக்கவில்லை என்று இருக்கிறது. செத்தவர்கள் மேலேயே பழி. ஒக்னியானும் அப்படித்தான் வாக்குமூலம் கொடுத்தான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதே ஹாஜியெவ் வந்து சொல்லிக் கொடுத்தானாம். உண்மையில், யாத்திரிகர்கள் ஜாக்கெட்டைத் திருடுகிறார்கள் என்று ஹாஜியெவ் பெட்டியைப் பூட்டச் சொல்லியிருந்தான். சாவி கரையில், அலுவலகத்தில்.

“உங்க தங்கச்சிதான் முதல்ல தண்ணியைப் பார்த்தாங்க. பெஞ்சுக்குக் கீழே. ஜாக்கெட் எங்கன்னு கேட்டாங்க. காப்டன், ‘ஒண்ணும் ஆகாதும்மா, உட்காருங்க’ன்னார். அவங்க விட்ட வசவு இருக்கே... எங்க அப்பா குடிச்சிட்டுக்கூட அப்படித் திட்டினதில்ல. படகை இழுக்கிற கொக்கியை எடுத்து நானும் அவங்களும் பூட்டை அடிச்சோம். படகு சாயுறப்பதான் உடைஞ்சுது. எடுத்து எடுத்து வீசினாங்க. என் தலையில ஒண்ணை மாட்டிவிட்டு, ‘முடிச்சை இறுக்கிப் போடுடா முட்டாள்!’னாங்க. அதுதான் கடைசியாக் கேட்டது.”

“அவளுக்கு ஒண்ணு?”

தலையை ஆட்டினான். இல்லை.

நான் அழுதேன். அழுதுகொண்டே சிரித்தேன். முட்டாள்! அது அவள் வாயேதான்! இத்தனை நாளில் முதல்முறையாக அவள் குரல் என் காதில் கேட்டது.

“மறந்து விட்டு வெச்சாங்கன்னு சொன்னியே, எந்த மூணு பேரும் உன்னை மறக்கலடா. ஒருத்தி உன் தலையில ஜாக்கெட் மாட்டினா. அதனால உயிரோட இருக்கே. வேற காரணமே இல்ல.”

தேநீர் ஆறிப்போயிற்று. வழக்குக்கு வருகிறேன் என்று அவன் சொல்லவில்லை.

மார்ச் 9

யோசிக்க யோசிக்க எரிகிறது. விதி என்று எழுதினால் எவ்வளவு வசதி! பூட்டு வேண்டாம், சாவி வேண்டாம், திட்டுகிற பெண் வேண்டாம். சாவு பெரிதாகத் தெரிகிறது, செத்தவர்கள் சின்னதாகிப் போகிறார்கள். கதையே எழுதக்கூடாது என்று நான் சொல்லவில்லை. சின்ன வயதில் போர்வைக்குள் டார்ச் அடித்துப் பேய்க்கதை படித்தவள்தான் நான். ஆனால் பேய்க்குப் பயந்தவர்கள்கூட ஓடுவார்களே! கதவைத் தட்டுவார்களே! அவன் புத்தகத்தில் ஒருவர்கூட ஓடவில்லை.

மார்ச் 15

அம்மாவிடம் சொல்லலாமா? தூக்கம் போய்விடுமே. சொல்லாமல் இருக்க நான் யார்?

மார்ச் 23

சொல்லிவிட்டேன். பூட்டு, கொக்கி, வசவு, எல்லாம்.

அம்மா பின்னலை மடியில் வைத்துவிட்டு வெகுநேரம் ஏரிப்பக்கம் பார்த்தாள்.

“என்ன வசவு?” என்று கேட்டாள்.

பிறகு ஒக்னியானிடம் கேட்டு வாங்கிய அந்த வார்த்தையை அப்படியே சொன்னேன். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன்.

“உங்க அப்பன்கிட்டக் கத்துக்கிட்டது” என்றாள். பிறகுதான் அழுதாள். ஸ்னெஜானா போனபிறகு இப்படி வாய்விட்டு அழுது நான் பார்த்ததில்லை.

சாயங்காலம் சால்வையைப் போர்த்திக்கொண்டு, “அந்தப் பையன் வீட்டைக் காட்டு” என்றாள். தயிரும் ரொட்டியும் எடுத்துக்கொண்டு போனோம். தெருவே பார்க்க, அவனைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துச் சாப்பிட வைத்தாள்.

ஏப்ரல் 2

தோன்காவிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். வேறு நடிகை வாசிக்கிறாளாம். குரல் நன்றாக இருக்குமாம். இருக்கும்.

மே 14

வழக்கு.

ஒக்னியான் வருவானா என்று வாசலிலேயே நின்றேன். அம்மாதான் அவன் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். யார் யாருக்குத் தைரியம் சொன்னார்களோ, தெரியவில்லை. கடைசி வரிசையில் லுபென். என்னைப் பார்த்ததும் தலை அசைத்தான். நான் அசைக்கவில்லை.

ஹாஜியெவின் வக்கீல், “திடீர்க் காற்று, மனிதக் கைக்கு அப்பாற்பட்டது, ஊர் மக்களே இதை விதி என்றுதான் சொல்கிறார்கள்” என்று உருகிப் பேசினார். பிறகு ஒக்னியான் எழுந்தான். முன்பு பொய் சொன்னேன் என்றான். அதற்கு அவனுக்கும் தண்டனை வரலாம் என்று நீதிபதி எச்சரித்தார். தெரியும் என்றான். பூட்டைச் சொன்னான். சாவி எங்கே இருந்தது என்று சொன்னான். ஸ்னெஜானாவின் வசவு வந்தபோது மட்டும், “கெட்ட வார்த்தை, சொல்லணுமா?” என்று கேட்டான்.

“சொல்லுங்கள்” என்றார் நீதிபதி.

சொன்னான். எழுத்தர் தலைகுனிந்து தட்டச்சு செய்தார். நீதிமன்ற ஆவணத்தில் என் தங்கை திட்டுகிறாள். எழுத்து மாறாமல்.

திரும்பிப் பார்த்தேன். லுபென் எழுந்து போயிருந்தான்.

ஜூலை 20

ஹாஜியெவுக்குச் சிறை. மேல்முறையீடு செய்திருக்கிறான், வெளியேதான் இருக்கிறான். ஒக்னியானை எச்சரித்து விட்டுவிட்டார்கள். நாவல் மூன்றாம் பதிப்பு. ஒன்பதாம் அத்தியாயத்தில் ஒரு வரி மாறவில்லை, கடையில் நின்றபடியே புரட்டிப் பார்த்தேன். கோபம் அப்படியே இருக்கிறது. போகட்டும் என்று விட எனக்கு மனமில்லை.

செப்டம்பர் 8

அம்மா வீட்டுக்குப் போகும் வழியில் ஒக்னியான் வீட்டு வாசலில் லாரி நின்றது. விறகு இறக்கிக்கொண்டிருந்தார்கள். கடைக்காரியின் கணவனும் சேர்ந்து இறக்கினான். சுவர் ஓரமாகக் கூரை வரைக்கும் அடுக்கியாயிற்று, இன்னும் பாதி லாரி மிச்சம்.

“இவ்வளவு எதுக்குடா?” என்றேன்.

“பச்சை விறகு அக்கா, மலிவாக் கிடைச்சுது. இந்த வருஷம் எரியாது. காய்ஞ்சு அடுத்த வருஷக் குளிருக்குத்தான் ஆகும்” என்றான், மரத்தூளைத் தட்டிக்கொண்டே.