அரைகுறையாக இறுக்கப்பட்ட பத்து நட்டுகள் குறித்து

அனுப்புநர்
கே. ரகுநாதன்,
முதுநிலைப் பரிசோதகர்,
பாதுகாப்புத் தொழிற்சாலை ஊழியர் குடியிருப்பு,
ஆவடி, சென்னை – 54.

பெறுநர்
வட்டாரப் போக்குவரத்து அலுவலர் அவர்கள்,
வட்டாரப் போக்குவரத்து அலுவலகம்,
அம்பத்தூர் பகுதி.

பொருள்: பின்சக்கர நட்டுகள் சரியாக இறுக்கப்படாமல் வெளியே போய்விட்ட அம்பாசிடர் காரின் உரிமையாளரைக் கண்டுபிடித்து உடனே எச்சரிக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அலுவலர் ஐயா அவர்களுக்கு,

பணிவான வணக்கம். மனுவில் வேண்டுகோள் கடைசியில் வருவதுதான் முறை. வியாழக்கிழமைக்கு நடுவில் இரண்டே நாட்கள் இருப்பதால் முறை தவறி முதலிலேயே எழுதுகிறேன். டி.எம்.ஒய். வரிசையில் 2025, 2115, 2205 ஆகிய மூன்று எண்களில் ஒன்று அந்த வண்டியுடையது. வெளிர்நீல நிறம். அதன் உரிமையாளர் முகவரியைத் தங்கள் பதிவேட்டில் பார்த்து, வண்டியை நகர்த்த வேண்டாம் என்று இன்றைக்கே அவருக்குச் சொல்லியனுப்ப வேண்டுகிறேன். நடந்தது பின்வருமாறு.

1. நான் இருபத்திரண்டு வருடமாகத் தொழிற்சாலையின் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மற்றவர்கள் முறுக்கிய நட்டு சரியாக இறுகியிருக்கிறதா என்று பார்த்து, அதன் மேல் மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு போட்டுக் கையெழுத்திடுவது என் பணி. நான் கோடு போடாத வண்டி வாசலைத் தாண்டாது. இதைப் பெருமைக்காக எழுதவில்லை. கீழே வருவதைப் படிக்கும்போது தாங்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

2. மண்ணூர்பேட்டையில் தகர ஷெட் போட்டு மெக்கானிக் வேலை செய்பவர் வேம்புலி. என் பழைய பியட் காரை அவரிடம்தான் விடுவது வழக்கம். சென்ற 19ஆம் தேதி புதன்கிழமை, ஆயுத பூஜையன்று, காலையில் ஆயில் மாற்ற வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். அங்கே மேற்படி அம்பாசிடரும் நின்றது. பிரேக் வேலைக்காகப் பின்சக்கரங்களைக் கழற்றி மாட்டியிருந்தார்கள். ஜாக்கியில் தூக்கி நிற்கும்போது நட்டுகளை ஓரளவுதான் முறுக்க முடியும். வண்டியைத் தரையில் இறக்கிய பிறகு நீண்ட கைப்பிடி உள்ள வீல் ஸ்பேனரைப் போட்டு, காலால் மிதித்து முழுவதும் இறுக்க வேண்டும். வேம்புலி வண்டியை இறக்கிவிட்டார், தொலைந்துபோகாமல் இருக்க, நட்டுகளை மறைக்கும் வீல் கப்பையும் மாட்டிவிட்டார். சக்கரத்துக்கு ஐந்தாகப் பத்து நட்டுகளையும் இறுக்குவது மட்டும் பாக்கி.

3. புதன்கிழமை பன்னிரண்டு மணிக்கு ராகு காலம் பிறந்துவிடும் என்பது தாங்கள் அறிந்ததே. அப்போது மணி பதினொன்றே முக்கால். ஷெட்டைக் கழுவி, கதவில் சாக்பீஸால் குறித்து வைத்திருந்த வண்டி எண்களையெல்லாம் துடைத்து, பலகையில் கருவிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நேரமாகிறது, நேரமாகிறது என்று நான்தான் எல்லாரையும் விரட்டினேன். அம்பாசிடர் அருகே கிடந்த வீல் ஸ்பேனரை எடுத்துத் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்துப் பலகையில் சேர்த்ததும் நான்தான். வேம்புலி தயங்கி, “அத்த மட்டும் உட்டுருங்க சார், ஒரு வண்டிக்கு இன்னும் வேல பாக்கி கீது” என்றார். சக்கரம்தானே வண்டிக்கே ஆதாரம், அதை முறுக்குகிற கருவியை விட்டுவிட்டு என்ன பூஜை என்று அவரை அடக்கினேன். எந்த வண்டிக்கு வேலை பாக்கி என்று கேட்கவில்லை. அவரும் என் வயதுக்கு மரியாதை கொடுத்து அடுத்த கருவியைத் துடைக்கப் போய்விட்டார்.

4. பூஜையில் வைத்த கருவியை மறுநாள் மறுபூஜை முடியும்வரை யாரும் தொடுவதில்லை. அம்பாசிடரை வெள்ளிக்கிழமை எடுத்துக்கொள்வதாகத்தான் பேச்சு. ஆகவே மறுநாள் இறுக்கிக்கொள்ளலாம் என்று வேம்புலி நினைத்ததில் தவறில்லை. அவர் என்னை ஷெட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வீட்டுக்குச் சாப்பிடப் போனார்.

5. ஒன்றரை மணி இருக்கும். அந்த வண்டிக்காரர், முப்பது வயதுக்காரர், தேவராஜ் என்று பெயர் சொன்னார், மனைவியுடன் ஆட்டோவில் வந்து இறங்கினார். அந்தப் பெண் நிறைமாதம் போலத் தெரிந்தார். பண்டிகை நாளில் வண்டி வீட்டில் நின்றால் நன்றாக இருக்கும், அதனால்தான் முன்னதாகவே வந்தோம் என்றார்கள். ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக் கொடுத்தேன். அதோடு நிற்காமல் நாலு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தேன். நாலும் நசுங்கியதா என்று குனிந்து பார்த்தேன். வீல் கப்பைக் கழற்றிப் பார்க்க அரை நிமிடம் ஆகாது. எனக்குத் தோன்றவில்லை.

6. வரும் வியாழக்கிழமை, 27ஆம் தேதி, வேலூரில் மாமியார் வீட்டில் வளைகாப்பு என்றும், விடியற்காலையில் பெங்களூர் ரோட்டில் கிளம்புவதாகவும் அவர் சந்தோஷமாகச் சொன்னார். பாதி இறுகிய நட்டு ஊருக்குள் மெதுவாக ஓட்டும்வரை தாக்குப்பிடிக்கும். ஓட ஓடத்தான் தளரும். லாரிகளுக்கு நடுவே அந்தச் சாலையில் வேகம் பிடித்தால் என்ன ஆகும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. எழுதவும் கை வரவில்லை.

7. பூஜைக்கு மறுநாள் காலை வேம்புலி சைக்கிளில் குடியிருப்புக்கே வந்தார். “அம்பாசிடர் எங்க சார்? பின்சக்கரம் ரெண்டும் நான் இன்னும் முறுக்கவே இல்லியே” என்றார். அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி வசந்தகுமாரி, “வாசப் பூட்ட மூணு தடவ இழுத்துப் பாக்கற மனுஷன், அடுத்தவங்க சக்கரத்த ஒரு தடவ தொட்டுப் பாக்கலியா?” என்றாள். ஊருக்குத்தான் உபதேசம் என்பது என் விஷயத்தில் உண்மையாகிவிட்டது.

8. தும்பை விட்டு வாலைப் பிடித்த கதையாக அன்றிலிருந்து தேடுகிறோம். தேவராஜ் வேம்புலிக்குப் புதிய வாடிக்கை. ஐயப்பன்தாங்கல் பக்கம் வீடு என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. பஸ் டிப்போவைச் சுற்றியுள்ள டீக்கடை, சைக்கிள் கடை, ரேஷன் கடை எல்லாவற்றிலும் விசாரித்தோம். தெருத்தெருவாக நடந்தோம். நீல அம்பாசிடர் நான்கு பார்த்தோம், நான்கும் வேறு. ஒரு காவல் நிலையத்தில் போய்ச் சொன்னேன். விபத்து நடந்திருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். நடந்த பிறகு வந்து எழுதிக் கொடுங்கள் என்றார்கள்.

9. எண் விவரம்: வண்டி எண்ணைக் கூட்டிப் பார்ப்பது என் பழக்கம். இந்த வண்டியின் நான்கு இலக்கங்களும் கூடி ஒன்பது வந்தது. நல்ல எண் என்று தேவராஜிடம் சொல்லவும் செய்தேன். டி.எம்.ஒய். வரிசை, முதல் எண் இரண்டு, கடைசி எண் ஐந்து என்பது உறுதியாக நினைவிருக்கிறது. அப்படியானால் மேலே சொன்ன மூன்று எண்களைத் தவிர வேறு வழியில்லை, மூன்று தடவை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். வெள்ளிக்கிழமை மாலை தங்கள் அலுவலகம் மூடும் நேரத்தில் வந்து விசாரித்தபோது, டி.எம்.ஒய். வரிசை இங்கேதான் இருக்கிறது, ஆனால் வெளியாருக்குப் பதிவேட்டைக் காட்ட இயலாது, திங்கட்கிழமை மனு கொடுங்கள் என்றார்கள். அந்த விதி நியாயமானதே. எனக்கு முகவரி வேண்டாம் ஐயா. தாங்கள் பார்த்தால் போதும்.

10. இந்தப் புகார் யார் மீது என்று கேட்பீர்கள். என் மீது. வேம்புலி படிக்காதவர், ஆனால் தொழில் தெரிந்தவர். என் வாயை மூடியிருந்தால் அந்த வண்டி பத்திரமாகப் போயிருக்கும். விசாரணை என்று வந்தால் அவர் ஷெட்டை மூடிவிட வேண்டாம், என்னைக் கூப்பிடுங்கள், வருகிறேன். நான்கு இரவுகளாக எனக்குத் தூக்கமில்லை. தொழிற்சாலையில் என் கோட்டின் மீதே எனக்கு நம்பிக்கை போய், கோடு போட்ட நட்டையே திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்க்கிறேன்.

11. தகவல் கிடைக்காவிட்டால், வியாழக்கிழமை காலை நாலு மணியிலிருந்து நானும் வேம்புலியும் பெங்களூர் ரோட்டுக்குப் போகும் சென்னீர்குப்பம் சாலையில் நின்று நீல அம்பாசிடர் எது வந்தாலும் கை காட்டி நிறுத்துவதாக இருக்கிறோம். இருட்டில் யாரோ இரண்டு பேர் மறித்தால் நிறைமாதப் பெண்ணை வைத்திருப்பவர் நிறுத்துவாரா, பயந்து இன்னும் வேகமாகப் போவாரா என்று தெரியவில்லை. 

ஆகவே ஐயா, பதிவேட்டில் மூன்றே வரிகள். தயவுசெய்து இன்றே பாருங்கள். முகவரி கிடைத்ததும் எனக்குச் சொல்லியனுப்ப ஆள் தேட வேண்டாம். முதலில் அவருக்குச் சொல்லுங்கள். எனக்கு எத்தனை நாள் கழித்துச் சொன்னாலும் காத்திருக்கிறேன்.

இடம்: ஆவடி
நாள்: 24.10.1988

தங்கள் கருணையை நம்பியிருக்கும்,
கே. ரகுநாதன்

மேலே எழுதியிருப்பதை வாசிக்கக் கேட்டேன், சரி:
வேம்புலி (இடது பெருவிரல் ரேகை)