கரி பஸ் தந்த உலை

தென்காசி
விய வருடம், புரட்டாசி 3

செல்வ மகள் வடிவுக்கு அப்பா ஆசீர்வாதம் செய்து எழுதியது. காசிவிசுவநாதர் புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் இங்கே குறையில்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேரனும் அப்படியே இருக்கவேண்டும். பேரன் குப்புற விழுந்துவிட்டான் என்று எழுதியிருந்தாய், அம்மா அந்த வரியை மட்டும் என்னைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னாள். செவலைப் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. இந்த வருடம் சாரல் ஆவணி கடைசி வரைக்கும் விடவில்லை, ஐந்தருவியில் கிட்டப் போக முடியாத தண்ணீர்.

உன் பெரியப்பா மகன் முத்துராமலிங்கம் உனக்கு எழுதியிருக்கிறானாம், சித்தப்பா இந்த வயதில் கொல்லன் பட்டறையில் போய்க் கைப்பிடி சுற்றுகிறார், ஊர் சிரிக்கிறது என்று. மாமியார் வீட்டில் கேட்டால் என்ன சொல்வது என்று நீயும் கேட்டிருக்கிறாய். நடந்தது எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். அம்மா இதுவரைக்கும் எழுதவேண்டாம் என்று தடுத்துவந்தாள், பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவள் பயந்துவிடுவாள் என்று. இப்போது எழுதித்தான் ஆகவேண்டும், காரணம் கடைசியில் சொல்கிறேன்.

சண்டைக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் நம் முதலாளி தில்லைநாயகம் பிள்ளை பஸ்ஸுகளுக்குப் பின்னால் கரி காஸ் டிரம் கட்டியதும், அதை வைத்துக்கொண்டு செங்கோட்டைக்கும் குற்றாலத்துக்கும் நான் ஓட்டியதும் உனக்குத் தெரியும். நெஞ்சு உயர டிரம், வாய் வரைக்கும் கரி, அடியில் நெருப்பு, காற்று ஊதுவதற்குக் கையால் சுற்றுகிற விசிறி. அந்தக் கரியிலிருந்து வருகிற காஸ்தான் பெட்ரோலுக்குப் பதிலாக என்ஜினுக்குள் போகும். சித்திரையில் பெட்ரோல் தாராளமானதும் டிரம்மை எல்லாம் கழற்றி ஷெட்டுக்குப் பின்னால் போட்டுவிட்டார்கள். எனக்கும் சாயங்காலமானால் ரோடு மங்கலாகத் தெரிந்ததால் நானே சொல்லி வேலையை விட்டு நின்றுகொண்டேன். வீட்டில் சும்மா இருக்கப் பழகவில்லை. அம்மா அடுப்படியில் இருந்தால் நான் அடுப்படிக்குப் போவதும், அவள் தொழுவுக்குப் போனால் நானும் தொழுவுக்குப் போவதுமாக அவளுக்குத்தான் தொந்தரவு.

ஆனி கடைசியில் அடித்த காற்றில், நம் தெருக்கோடி நாறும்பூநாதன் ஆசாரியின் பட்டறை மேல் வாகைமரக் கிளை முறிந்து விழுந்தது. ஆளுக்கு ஒன்றும் இல்லை, கூரை போய்விட்டது, துருத்தி நடுவில் கிழிந்து மழையில் ஊறி உதவாமல் போனது. புதுத் துருத்திக்கு நல்ல தோல் அகப்படவில்லை, அகப்பட்டாலும் தைத்து வருவதற்குள் பிசானப் பருவத்து நெல்லுக்கு உழவு வந்துவிடும். அதற்குள்ளேயே கலப்பைக் கொழுவைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் கீழப்பாவூர்க் கொல்லனிடம் போக ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு பருவம் அங்கே போய்ப் பழகிவிட்டால் பிறகு திரும்பி வரமாட்டார்கள். ஆசாரி, நனைந்த பட்டடைக் கல் மேல் சாக்கைப் போர்த்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் எனக்கு டிரம் நினைவு வந்தது. நெருப்பும் இருக்கிறது, காற்று ஊத விசிறியும் இருக்கிறது, உலைக்கு வேறென்ன வேண்டும். சொன்னேன். “பஸ் ஓடுன அடுப்புல கொழு காயுமா அண்ணாச்சி?” என்று கேட்டார். “முப்பது ஆளையும் மூட்டையையும் இழுத்த அடுப்பு வே, ஒரு கொழு காயாதா?” என்றேன். முதலாளியிடம் கேட்டதற்குத் துருப்பிடித்துக் கிடப்பதைக் கொண்டுபோம் என்று சொல்லிவிட்டார்.

அவர் பட்டறைக்குக் கூரை இல்லாததால் நம் வண்டிக் கொட்டகையில் வைத்தோம். டிரம்மின் பக்கவாட்டில் இரும்பை உள்ளே விட ஒரு வாய் வெட்டினோம், மற்றதெல்லாம் பஸ்ஸில் இருந்தபடியே விட்டோம், டிரம் நிறையக் கரி கொட்டிக்கொண்டால் அடிக்கடி போடவேண்டாம் என்று இரண்டு பேருக்கும் பட்டது. நான் விசிறியைச் சுற்றினேன். கொஞ்ச நேரத்தில் கொழு வெள்ளையாகக் காய்ந்து வந்தது, ஆசாரி அதைக் குறட்டால் பிடித்துத் தூக்கிப் பார்த்துச் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். அம்மாவுக்கு மட்டும் பிடிக்கவில்லை. “வண்டிய விட்டும் கரிய விடமாட்டேங்கியளே” என்றாள்.

ஆடி பிறந்து கொஞ்ச நாளில் ஒரு காலை சாரல் கொட்டகைக்குள் சாய்வாக அடித்தது. காய்ந்த இரும்பில் தண்ணீர் தெறிக்கிறது என்று கதவை ஆசாரி சாத்தினார், சன்னலில் நான் சாக்கைத் தொங்கவிட்டேன். உள்ளே கதகதப்பாக நன்றாகத்தான் இருந்தது. பிறகு எனக்குத் தலை வலித்தது, சளி பிடிக்கப்போகிறது என்று நினைத்தேன். ஆசாரி சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு, “கண்ணக் கட்டுது அண்ணாச்சி, செத்த உக்காருதேன்” என்றார். நான் எழுந்து அவருக்குத் தண்ணீர் எடுக்கலாம் என்று நினைத்தது நினைவிருக்கிறது, கால் எனக்குச் சொந்தமில்லாதது போல மடங்கியது, அதற்கு மேல் தெரியாது.

அம்மா சுக்குக் காப்பி கொண்டுவந்தவள் கதவைத் தட்டியிருக்கிறாள். சுத்தியல் சத்தமும் இல்லை, பேச்சும் இல்லை. உதைத்துத் திறந்திருக்கிறாள். என் இரண்டு கையையும் பிடித்து இழுத்து மழையில் போட்டுவிட்டு, ஆசாரியை அவளால் அசைக்க முடியாமல், “ஏட்டி சங்கரம்மா, ஓடி வாட்டி” என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தியிருக்கிறாள். ஆசாரி மனைவி சங்கரம்மாள் ஓடிவந்து, இரண்டு பெண்களும் சேர்ந்து அவரை இழுத்துப் போட்டார்கள். முகத்தில் மழை விழுந்து நான் கண் விழித்து வாந்தி எடுத்தேன். அவர் விழிக்கவில்லை. உதடெல்லாம் சிவப்பாக இருந்தது, தூங்குகிறவர் மாதிரி. தெருமுனையில் குற்றாலத்திலிருந்து வந்த நம் பஸ்ஸையே மறித்து ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கரிப்புகை மயக்கம், நல்ல காற்றுத்தான் மருந்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். சங்கரம்மாள் அழவில்லை, முந்தானையால் அவர் முகத்துக்கு வீசிக்கொண்டே இருந்தாள். விளக்கு வைக்கிற நேரத்தில் கண்ணைத் திறந்தார். ஆனால் வடிவு, வீட்டுக்கு வந்த பிறகு அவர் குறட்டைக் கையில் எடுத்து, இது என்னது என்று மனைவியிடம் கேட்டார். சங்கரம்மாள் நம் வாசலுக்கு வந்து நின்று, “அண்ணாச்சி, அந்த டிரம்மத் தூக்கிக் குளத்துல போடுங்க, எனக்கு எம் புருசன் வேணும்” என்றாள்.

அவருக்கு நினைவு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. ஒரு நாள் சுத்தியல் பேரைச் சொன்னார், மறுநாள் அவரே குறட்டைத் தேடி எடுத்துத் துடைத்தார். அதற்குள் நான் உட்கார்ந்து யோசித்தேன். கரியை உயரமாகக் குவித்து, காற்றைக் குறைத்து விட்டால் உண்டாவதுதான் பஸ் ஓட்டுகிற காஸ். ரோட்டில் அதை என்ஜின் குடித்துவிடும். கதவைச் சாத்திக்கொண்ட கொட்டகையில் நாங்கள் இரண்டு பேரும் குடித்திருக்கிறோம். நாலு வருடம் அதையே காய்ச்சி ஓட்டினவன் நான், எனக்கு அது உறைக்கவில்லை. வெட்டிரும்பை எடுத்து டிரம்மை அடியிலிருந்து ஒரு சாண் மட்டும் விட்டு அறுத்துத் தள்ளினேன். அகலமாக, சட்டி மாதிரி ஆகிவிட்டது. உள்ளே களிமண் பூசி, கரி நாலு விரல் நின்றால் போதும் என்று அளவு வைத்தேன். கொட்டகைக்குள் இனிக் கிடையாது, அவர் வீட்டு முற்றத்தில் நாலு கால் நட்டுக் கூரை மட்டும் போட்டேன், சுவரும் இல்லை தட்டியும் இல்லை.

போட்டுவிட்டுச் சங்கரம்மாளிடம், நீ சரி என்றால் பற்றவைக்கிறேன், இல்லை என்றால் இப்போதே தூக்கிவிடுகிறேன் என்றேன். அவள் சட்டிக்குள் கையை விட்டுக் களிமண்ணைத் தடவிப் பார்த்தாள். “பத்த வைங்க. மொதல்ல நான் உக்காருதேன். எனக்குத் தல வலிச்சா நானே ஒதச்சித் தள்ளிருவேன்” என்றாள். புருஷனைக் காற்று வருகிற பக்கம் தூரத்தில் உட்காரவைத்துவிட்டு, அவளே விசிறிக் கைப்பிடியைப் பிடித்து உச்சிவரைக்கும் சுற்றினாள். என்னையும் கிட்ட விடவில்லை. அவளுக்கு ஒன்றும் செய்யவில்லை. கடைசியில் எழுந்து தோளைத் தடவிக்கொண்டு, “துருத்திக் கயிறு இழுத்து இழுத்து இந்தத் தோளே எறங்கிப்போச்சு. இது மாவாட்டுத மாதிரிகூட இல்ல” என்றாள். அதைக் கேட்டு ஆசாரி எழுந்துவந்தார். அவர் அடித்த முதல் கொழு கோணலாகத்தான் வந்தது, அதைத் திரும்பக் காயவைத்து அடித்து நேராக்கினார். இப்போது சுந்தரபாண்டியபுரத்திலிருந்துகூட வண்டி வந்து நிற்கிறது.

சங்கரம்மாளுக்கு வீட்டு வேலை இருக்கிற காலைகளில் நான் போய்ச் சுற்றுகிறேன். முத்துராமலிங்கம் பார்த்தது அதைத்தான். உன் மாமியார் வீட்டில் கேட்டால் ஆமாம் என்று சொல்லு. என்னால் விழுந்த மனிதர் பக்கத்தில் நான் நிற்காமல் வேறு யார் நிற்பது. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும், அவர்கள் வீட்டு மண்வெட்டியும் அங்கேதான் வருகிறது.

இனி இந்தக் கடிதம் எழுதவந்த காரணம். சிம்லாவில் இப்போதே குளிர் பொறுக்கவில்லை, பிள்ளைக்காக இராத்திரியில் கதவு சன்னல் எல்லாம் சாத்தி அறைக்குள் கரிக் கணப்புச் சட்டி வைத்துக்கொள்கிறோம் என்று நீ எழுதியிருந்தாய். அதைக் கேட்டதும், இத்தனை நாள் தடுத்துவந்த அம்மாவே, உடனே எழுதுங்க என்று சொல்லிவிட்டாள். வடிவு, அந்தக் காஸ் கண்ணுக்குத் தெரியாது. மூக்குக்கு வாடை தெரியாது. வலிக்காது, தூக்கம் வருகிற மாதிரிதான் இருக்கும். சட்டியில் கங்கு பூத்து நல்லபிள்ளையாக இருக்கும்போதும் அது வரும். படுக்கப்போகுமுன் சட்டியை வெளியே வைத்துவிடு, சன்னலை நாலு விரல் திறந்து வை, குளிருக்கு இன்னொரு கம்பளி போட்டுக்கொள்ளுங்கள், பிள்ளையை உன் வயிற்றோடு அணைத்துக்கொள். மாப்பிள்ளை குளிருகிறது என்று சொன்னால் இந்தக் கடிதத்தை அவரிடம் கொடு. அன்றைக்கு எனக்கு உன் அம்மா வந்தாள். அத்தனை தூரத்தில், தாழ் போட்ட அறைக்குள், உங்களுக்கு யார் வருவார்கள்.

கடிதம் கிடைத்த அன்றைக்கே, சன்னலைத் திறந்துவைத்துப் படுத்தேன் என்று ஒரு வரி கார்டில் போடு. வேறு ஒன்றும் எழுத நேரமில்லாவிட்டாலும் பரவாயில்லை. அது வருகிற வரைக்கும் அம்மா தபால்காரரை எதிர்பார்த்து வாசலிலேதான் நிற்பாள். குற்றாலநாதரும் குழல்வாய்மொழி அம்மையும் உங்கள் மூன்று பேரையும் நோய்நொடி இல்லாமல் காக்கட்டும், பேரன் நீண்ட ஆயுசோடு வளரட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
பரமசிவன்