அம்மனுக்கு அட்வான்ஸ்

ஏப்ரல் 20, திங்கள்

காலையிலேயே வெயில். முல்லை பறிக்கப் போகவில்லை. பரீட்சை முடியும்வரை எனக்கு லீவு என்று அப்பா சொல்லிவிட்டார். அம்மாதான் முணுமுணுப்பு. பூப் பறித்தால் கைக்குப் பேனா பிடிக்கத் தெரியாமல் போய்விடுமா என்று.

இன்று முடிக்க வேண்டியவை: பிசி. மின்னோட்டம் முழுக்க. கெமி. ஆர்கானிக், எத்தனையோ தடவை படித்தும் ஒட்டாத அதே பகுதி. பயா. தாவரங்கள். தலைக்கு எண்ணெய்.

எண்ணெய் மட்டும் முழுதாக முடிந்தது.

அப்பா கீரமங்கலத்தில் பூவைப் போட்டுவிட்டு வரும்போது சேகர் மாமாவையும் வண்டியில் ஏற்றி வந்தார். அம்மாவின் அண்ணன். ஊர்த் திருவிழாக் கமிட்டியில் இருப்பவர். ஆகவே எல்லோர் வீட்டு விஷயத்திலும் இருப்பவர். காபி கைக்கு வரும் முன்பே ஆரம்பம். "பல்லு டாக்டருக்குமா இத்தனை தடவ எழுதுவாக?"

இத்தனை தடவை என்றால் மூன்று. முதல் தடவை பிளஸ் டூ முடித்த சூட்டோடு, ஒன்றும் தெரியாமல். போன வருஷம் கொஞ்சத்தில் போனது. இந்த நீட்தான் கடைசி என்று மாமா முடிவு செய்திருக்கிறார். இதிலும் போனால் பி.எஸ்சி. ஏதாவது ஒன்றில் தள்ளிவிட வேண்டுமாம். என் படிப்பைப் பற்றி, நான் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே. அப்பா வழக்கம்போல, "நான் ஒண்ணும் சொல்லல."

பல் என்றால் எல்லோருக்கும் இளக்காரம். பெரிய டாக்டர் சீட் கிடைக்காதவர்கள் போய் விழுகிற இடம் என்று நினைப்பு. என் முதல் விருப்பமே அதுதான் என்றால், மார்க் வராததற்குச் சமாளிப்பு என்கிறார்கள். நினைத்துக்கொள்ளட்டும்.

ஏப்ரல் 21, செவ்வாய்

கோச்சிங். புதுக்கோட்டை பஸ்ஸில் சீட் கிடைத்தது. அதிசயம்.

சார் இன்று பாடம் எடுக்கவில்லை. மன உறுதி வருவதற்காக, ஏன் டாக்டராக வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதச் சொன்னார். எழுதி வாசித்தார்கள். வகுப்பில் அத்தனை பேர் வீட்டிலும் யாராவது ஒருவர் ஆம்புலன்ஸ் வராமல் செத்திருக்கிறார்கள். பாவம்தான். ஆனால் அத்தனை பேருமா?

நான் எழுதியது: எனக்கு விரல் வேலை பிடிக்கும். பூ வேகமாகக் கட்டுவேன். சின்ன இடத்தில் லைட் போட்டு நுணுக்கமாகச் செய்கிற வேலை பிடிக்கும். வயிற்றைக் கிழிக்கப் பிடிக்காது.

சார் ஃபீலிங் பத்தவில்லை என்றார். ரிஸ்வானா டெஸ்க்குக்கு அடியில் குனிந்து சிரித்தாள். அவள் மணமேல்குடிக்காரி. இங்கே ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். அவளுக்கும் இது மூன்றாவது தடவை. எங்களுக்குள் பரிதாபம் கிடையாது, அதனால்தான் ஒத்துப்போகிறது.

திரும்பும்போது பல் கல்லூரிப் பிள்ளைகள் நாலைந்து பேர் வெள்ளைக் கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு சர்பத் குடித்துக்கொண்டிருந்தார்கள். பஸ் சிக்னலில் நின்றது. பொறாமை. இதை வேறு பெயர் சொல்லி எழுத வேண்டியதில்லை.

பரீட்சை மே 3, ஞாயிறு மதியம். ஊர் திருச்சி. போன வருஷம் மாதிரியே.

ஏப்ரல் 22, புதன்

மைக் செட் கட்டிவிட்டார்கள். வேப்பமரத்தில் ஒரு குழாய், அது சரியாக என் ஜன்னலைப் பார்த்து. காதில் பஞ்சு. அப்படியும் கேட்கிறது.

மத்தியானம் ஆர்கானிக் கணக்கு ஒன்று அபூர்வமாகச் சரியாக வந்துகொண்டிருந்தது. மைக்கில் பால்குடம் எடுக்கிறவர்கள் பெயரை வாசித்தார்கள். இன்னார் மனைவி, இன்னார் மருமகள். அப்புறம், "பூக்கார முருகேசன் மகள் சுகன்யா."

அது நான்.

அடுப்படிக்குப் போய்க் கேட்டேன். அம்மா திரும்பாமலே வெங்காயம் நறுக்கினாள். நான் பாஸாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டாளாம். வேண்டுதல் பலித்த பிறகுதானே எல்லோரும் செய்வார்கள் என்றேன். போன வருஷம் அப்படி இருந்துதான் ஒன்றும் நடக்கவில்லை, இந்தத் தடவை முன்கூட்டியே செய்துவிட்டால் அவளுக்கும் ஒரு கட்டாயம் வரும் என்றாள். அம்மனுக்கு அட்வான்ஸ். நிலத்தைப் பேசி முடிக்கிற மாதிரி.

பால்குடம் என்றைக்கு? மே 3. காலையில்.

ஏப்ரல் 23, வியாழன்

படிப்பு ஒன்றும் ஓடவில்லை. சண்டை மட்டும்.

போன வருஷம் நடந்ததை இதுவரை எங்கும் எழுதியதில்லை. எழுதிவிடுகிறேன். எங்கள் ஊரில் காப்புக் கட்டிவிட்டால் யாரும் வெளியூரில் ராத்தங்கக் கூடாது. பகலில் எங்கே போனாலும் பொழுது சாய ஊர் எல்லைக்குள் வந்துவிட வேண்டும். காப்புக் கட்டும்போது ஊரில் இல்லாதவர்களுக்கு இந்தக் கட்டு கிடையாது. ஆனால் நடுவில் வந்து மிதித்தால் அவர்களும் மாட்டிக்கொள்வார்கள். போன வருஷமும் பரீட்சை இந்தக் காப்புக்குள்தான் விழுந்தது. மற்றப் பிள்ளைகள் முதல் நாளே திருச்சி போய்த் தூங்கி எழுந்தார்கள். நான் அன்றைக்கு விடிய முதல் பஸ். ஆலங்குடி தாண்டி பஸ் நின்றுவிட்டது. ரோட்டோரம் வெயிலில் அடுத்த பஸ்ஸுக்காக நின்றது, திருச்சி போனதும் வாந்தி, கேட் மூடப் போகிற நேரத்தில் ஓடியது. பிசிக்ஸ் வரி வரியாக ஓடியது, ஒன்றும் ஏறவில்லை. ஊருக்கு வந்து, கேள்வி கஷ்டம் என்று மட்டும் சொன்னேன். சாமி விஷயமாயிற்றே என்று வாயை மூடிக்கொண்டேன்.

இன்றைக்கு மூடவில்லை.

அம்மா: "போன வருசம் அவளுக்கு ஒண்ணும் செய்யாமப் போன. அதான் கைய விட்டுட்டா."

நான்: "போன வருசம் அவ சொன்னபடி ஊருலயே தூங்குனேன். அதான் கைய விட்டுட்டா."

அம்மா டம்ளரை எறியவில்லை, ஆனால் எறிகிற மாதிரி வைத்தாள்.

ஏப்ரல் 24, வெள்ளி

மாமாவைத் தேடி நானே கோயிலுக்குப் போனேன். பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். என் பெயரை எடுத்துவிடுங்கள் என்றேன். மைக்கில் சொன்னதைத் திரும்ப எடுத்தால் தெய்வக் குத்தமாம். சரி, எனக்குப் பதிலாக வேறு யாராவது எடுக்கட்டும் என்றேன்.

மாமா பந்தக்கால் கட்டுகிறவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஒனக்குப் பதிலா வேற ஒருத்தி பரீட்ச எழுதலாமா?"

"அதுக்கு ஜெயிலுங்க மாமா. இதுக்கு என்னங்க?"

பந்தக்கால்காரர் ஒருவர் சிரித்துவிட்டார். மாமாவுக்கு முகம் கறுத்துவிட்டது. பொம்பளைப் பிள்ளைக்கு இவ்வளவு வாய் ஆகாது, படிப்பும் ஏறாது, வாய்தான் ஏறும் என்றார். வாயைப் பற்றித்தானே படிக்கப்போகிறேன் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது. எனக்கு நல்ல பதில் எல்லாம் லேட்டாகத்தான் வரும்.

பயம் இல்லை என்று எழுத வந்தேன். இருக்கிறது. அம்மன் பேரில் இல்லை. எனக்கு மறுபடி சீட் கிடைக்காமல் போனால், இவர்கள் சொன்னதுதான் சரி என்று ஊரே சொல்லும். அதை நினைத்துத்தான்.

ஞாயிறு சாயங்காலம் காப்பு. அதற்குள் நான் எல்லைக்கு வெளியே இருந்தால் முடிந்தது. ரிஸ்வானாவுக்கு போன். கேட்டு முடிக்கும் முன்பே, வாடி என்றாள். ஆனால் ஹாஸ்டலில் தங்க அப்பாவோ அம்மாவோ நேரில் வந்து சொல்ல வேண்டுமாம்.

அம்மாவிடம் கேட்க முடியாது. அப்பாவிடம் கேட்டேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். "நான் ஒண்ணும் சொல்லல" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒன்றும் சொல்லாதவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது.

ஏப்ரல் 26, ஞாயிறு. ஹாஸ்டல்.

காலையில் என் புத்தகப் பை அப்பாவின் டி.வி.எஸ்.ஸில் முன்னால் ஏறி உட்கார்ந்திருந்தது. நான் வைக்கவில்லை.

அம்மா வாசலுக்கு வரவில்லை. உள்ளே பாத்திரச் சத்தம் மட்டும். போய்ட்டு வாரேன் என்று இரண்டு தடவை சொன்னேன். நாற்சந்தியில் மாமா நின்று பார்த்தார். அப்பா ஹாரன் அடித்துக்கொண்டே கடந்தார். அவர் ஹாரன் அடித்து நான் கேட்டதே இல்லை. கீரமங்கலத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, அங்கிருந்து இரண்டு பேரும் பஸ்.

ஹாஸ்டல் வார்டன் என்ன பரீட்சை என்று கேட்டார். அப்பா யாரிடமும் "டாக்டருக்குப் படிக்கிது" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லி நழுவுவார். பல் என்ற சொல் அவர் வாயில் வராது. இன்றைக்கு என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, "பல்லு டாக்டருங்க. அதுதான் வேணுமாம், வேற வேணாமாம்" என்றார்.

அப்புறம் அவசரமாகக் கிளம்பினார். பொழுது சாயும் முன் அவர் எல்லைக்குள் இருக்க வேண்டும். பஸ் ஏறும்வரை என் பக்கம் திரும்பவில்லை. ஆறு மணிக்கு ஊரில் கொட்டுச் சத்தம் கேட்டிருக்கும். இங்கே ஃபேன் சத்தம். குற்றவாளி மாதிரி இருந்தது கொஞ்ச நேரம். பிறகு மின்னோட்டம்.

ஏப்ரல் 29, புதன்

மாடல் டெஸ்ட். பயா. பிரமாதம். கெமி. ஆர்கானிக் ஒட்ட ஆரம்பித்துவிட்டது. பிசி. சுமார்.

ஹாஸ்டல் சாம்பார் தண்ணி. ரிஸ்வானாவின் அத்தா, அதாவது அப்பா, மணமேல்குடியிலிருந்து கருவாடு கொடுத்தனுப்பியிருக்கிறார். ஆனால் இங்கே பொரிக்க விடமாட்டார்கள். பையைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு மூடினோம்.

அம்மா போன் பண்ணவில்லை. நானும் பண்ணவில்லை. இதில் நான் தோற்பதாக இல்லை.

மே 1, வெள்ளி

பண்ணினேன். எடுக்கவில்லை. போகட்டும்.

மே 3, ஞாயிறு. திருச்சி.

நேற்றே ரிஸ்வானாவின் மாமி வீட்டுக்கு வந்தாயிற்று. மாமி எங்கள் இரண்டு பேரையும் இடியாப்பம் கொடுத்துப் படுக்கச் சொல்லி, புத்தகத்தைப் பிடுங்கி பீரோவுக்கு மேல் வைத்துவிட்டார். நன்றாகத் தூங்கினேன். பரீட்சைக்கு முன்னால் இப்படித் தூங்கியது வாழ்க்கையில் முதல் தடவை.

காலையில் அப்பா போன். பின்னால் கொட்டு, நாதஸ்வரம், குலவை. சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். அம்மாவிடம் கொடுங்கள் என்றேன். "அவ இங்கிட்டு இல்ல. முன்னால போயிட்டா" என்று கத்தினார். அதற்கு மேல் ஒன்றும் காதில் விழவில்லை, வைத்துவிட்டார். அம்மாவுக்குக் கோபம் இன்னும் இறங்கவில்லை போல.

சென்டர் வாசலில் வரிசை. எனக்கு முன்னால் நின்ற பெண் கையில் ஏதோ கோயில் கயிறு. தானே அவிழ்த்துத் தன் அம்மாவிடம் கொடுத்துவிட்டு, திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே உள்ளே போனாள். என் கையில் ஒன்றும் இல்லை. திரும்பிப் பார்க்கவும் யாரும் இல்லை. அப்போது அம்மா மேல் அப்படி ஒரு ஆத்திரம்.

அந்த ஆத்திரத்தோடுதான் பிசிக்ஸ் எழுதினேன். ஒவ்வொரு வரியும் ஏறியது.

சாயங்காலம் மாமி வீட்டில் விடைகளை ஒத்துப் பார்த்தோம். போன வருஷத்தைவிட நிச்சயம் நன்றாக. சீட் வருமா என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. ரிஸ்வானா கெமிஸ்ட்ரியில் சறுக்கிவிட்டாள். அழவில்லை. அடுத்த வருஷத்துக்குப் புத்தகத்தை விற்காதே என்று மட்டும் சொன்னாள்.

மே 5, செவ்வாய். ஊர்.

நேற்றோடு திருவிழா முடிந்து காப்பு அவிழ்த்தாயிற்று. காலை பஸ். கீரமங்கலத்தில் அப்பா வண்டியோடு நின்றார். நான் கேட்காமலே சொல்ல ஆரம்பித்தார். இவ்வளவு நீளமாக அவர் பேசியதில்லை.

அன்றைக்கு நான் ஹாஸ்டலுக்குப் போன பிறகு, காப்புக் கட்டுவதற்கு முன்பு, அம்மா கோயிலுக்குப் போயிருக்கிறாள். என் பெயரை அடித்துவிட்டுத் தன் பெயரைப் போடச் சொல்லியிருக்கிறாள். மாமா எல்லார் முன்னாலும் கத்தியிருக்கிறார், பிள்ளை பேருக்கு வேண்டியதை ஆள் மாற்றக் கூடாது என்று. அதற்கு அம்மா சொன்னதை அப்பா வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுச் சொன்னார்.

"வேண்டுன வாய் என்னுது. நடக்குற காலும் என்னுதா இருக்கட்டும்."

வீட்டில் அம்மா சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளம். தார் ரோடு. என்னைப் பார்த்ததும் சாப்பிட்டியா என்றாள். நான் பஸ்ஸில் ஒத்திகை பார்த்து வந்ததைக் கடகடவென்று சொல்லிவிட்டேன்: நல்லா எழுதியிருக்கேன், ஆனா அது ஒன் பால்குடத்தால இல்ல.

"ஒன் பரீட்சைக்கு யாரு வேண்டுனா?" என்றாள் அம்மா. "அத ஒன்கிட்டயே விட்டாச்சு. எனக்கு முட்டி வலி. அது போகணும்னுதான் நடந்தேன்."

முட்டி வலி இருப்பதே எனக்குத் தெரியாது.

போச்சா என்று கேட்டேன். இல்லை, கூடத்தான் ஆகியிருக்கிறது என்றாள். சிரித்துவிட்டோம். அப்புறம் நான் அழுதேன், நிறுத்த முடியாமல். தேங்காய் எண்ணெயை எடுத்து வந்து அவள் காலை மடியில் வைத்துக்கொண்டேன். கொப்புளத்தில் பட்டதும் காலை இழுத்தாள், இழுத்துப் பிடித்துப் போட்டேன்.

கிடைக்கலைன்னா மறுபடி எழுதுவேன் என்றேன்.

"எழுது" என்றாள்.