இருட்டாகத்தான் இருக்கிறது என்றவருக்கு

இன்று மருமகள் பெட்டியைத் திறந்து உங்கள் தொப்பியை எடுத்தாள். அத்தர் வாசம் இன்னும் போகவில்லை. மச்சான், உங்கள் பொஞ்சாதியின் லட்சணத்தைப் பாருங்கள்: அழுகைக்கு முன்னால் எனக்குச் சந்தேகம்தான் வந்தது.

அறந்தாங்கியில் துணிக்கடை வைத்திருந்த மனுஷன், வியாழக்கிழமை மட்டும் மதியமே கடையைச் சாத்திவிட்டு, அத்தர் பூசிக்கொண்டு ஆலங்குடி பஸ் ஏறினால் பெண்டாட்டி என்ன நினைப்பாள்? "ஷெய்குட்ட போறேன் புள்ள, கல்புல நூர் தெரியணும்" என்பீர்கள். உள்ளத்தில் ஒளி தெரிய அத்தர் எதற்கு? திரும்பி வரும்போது முகம் வேறு மினுமினுக்கும். அங்கே இன்னொருத்தியை நிக்காஹ் செய்துவிட்டீர்கள் என்றே முடிவு கட்டினேன். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா?

ஒரு வியாழன் அடுத்த பஸ்ஸில் நானும் வந்தேன். வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டால் எல்லாப் பெண்களும் ஒன்றுதான். உங்கள் ஞானகுருவான ஷெய்கு வீட்டில் திரைக்குப் பின்னால் பெண்களோடு உட்கார்ந்து, இவளாக இருக்குமோ, அவளாக இருக்குமோ என்று ஒவ்வொருத்தியையும் முறைத்தேன்.

திரைக்கு அந்தப் பக்கம் அல்லாஹ் பெயரை ஓதும் திக்ரு முடிந்தது. என்ன கண்டீர்கள் என்று ஷெய்கு ஒவ்வொருவரையும் கேட்டார். ஒருவர் பச்சை ஒளி என்றார். இன்னொருவர் முழுநிலா என்றார். ஒருவரையும் நான் நம்பவில்லை. பிறகு உங்கள் குரல் கேட்டது.

"எனக்கு ஒண்ணும் தெரியலைங்க. இருட்டாத்தான் இருக்கு."

யாரோ சிரித்தார்கள். ஷெய்கு சிரிக்கவில்லை. "காணாததைக் கண்டேன்னு சொல்றதுதான் பெரிய திரை. நீங்க அடுத்த வாரமும் வாங்க" என்றார். எனக்கு உங்கள்மேல் அப்படியொரு ஆசை பொங்கியது.

பஸ் ஸ்டாண்டில் முகத்தைக் காட்டியபோது திகைத்துப் போனீர்கள். "ஒண்ணுமே தெரியலைன்னா எதுக்கு மச்சான் போறீங்க?" என்று கேட்டேன்.

"தெரியலைங்கிறதை எங்கயாச்சும் போய்ச் சொல்லணும்ல புள்ள."

அதற்குப் பிறகும் எத்தனையோ வியாழன் போனீர்கள். ஒரு நாளும் கண்டேன் என்று சொன்னதில்லை. கடைசியில் படுக்கையில் கிடந்தபோது, நான் அழுதுகொண்டே கேட்டேன்: "இப்பவாச்சும் தெரியுதா மச்சான்?"

என்னையே வெகுநேரம் பார்த்தீர்கள். "தெரியுது புள்ள" என்றீர்கள். அசர் தொழுகைக்கு முன்னால் மூச்சு அடங்கிவிட்டது.

நிஜமாகவே தெரிந்ததா? இல்லை, ஷெய்குக்குக்கூடச் சொல்லாத பொய்யை நான் அழுகிறேன் என்பதற்காகச் சொன்னீர்களா? தொழுது எழும்போதெல்லாம் இதே கேள்விதான். உங்களுக்கு ஒளி கிடைத்திருக்க வேண்டும் என்றுதான் துஆ கேட்கிறேன். ஆனால் அது எனக்காகச் சொன்ன பொய்யாக இருக்கக்கூடாதா என்று மனசு ஏங்குகிறது, மச்சான். அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும்.