அன்பரசன் சைக்கிளுக்கு முன்ஷாக் மாற்றிய வரலாறு

அச்சங்குளம்,
23-11-2008, ஞாயிறு

என் அருமை மகள் பாண்டிச்செல்விக்கு, உன் சித்தப்பா ஊர்க்காவலன் ஆசியோடு எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, உன் அண்ணன் அன்பரசன் மூவரும் சுகம். டென்மார்க் குளிரில் நீயும் சுகமாகத்தான் இருப்பாய், இருந்தாலும் உன் கையெழுத்தில் ஒரு வரி பார்த்தால்தான் இந்த மனசு ஒப்புக்கொள்ளும். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். போனை எடுத்தால் உன் அம்மா என் தோளுக்கு மேலே நிற்கிறாள், உன் அண்ணன் உள்ளறையில் காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறான், அதனால் எல்லாம் நல்லாயிருக்கு என்று சொல்லி வைத்துவிடுகிறேன். எல்லாம் நல்லா இல்லை தாயி, இப்போது கொஞ்சம் நல்லாயிருக்கிறது. அந்தக் கொஞ்சத்தைத்தான் விவரமாக எழுதுகிறேன்.

நீ அன்பு சைக்கிளின் முன்சக்கரத்துக்கு அனுப்பிய முன்ஷாக் ஃபோர்க் பத்திரமாக வந்து சேர்ந்தது. உன்னோடு வேலை பார்க்கும் பிள்ளை மதுரைக்கு லீவில் வந்தபோது நானே போய் வாங்கி, துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். பிறந்த பிள்ளை என்று நினைத்து மூன்று பேர் எழுந்து இடம் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அதைப் பார்க்க விருதுநகர் ஜில்லாவே திரண்டுவிட்டது, கலெக்டர் ஒருத்தர்தான் வரவில்லை, அவருக்கும் ஆசைதான், மழைக்காலம் என்பதால் விட்டுவிட்டார். அமுக்கினால் பெருமூச்சு விட்டுக்கொண்டு இறங்குகிறது, விட்டால் மரியாதையாக எழுந்து நிற்கிறது. அன்பு வெடிக் கம்பெனி விபத்துக்கு முந்தின தீபாவளி போனசில் வாங்கினானே மலைச் சைக்கிள், அதில் இருந்த பழைய ஷாக்கு பெயருக்குத்தான் ஷாக்கு, ஸ்பிரிங் துருப்பிடித்து உலக்கை மாதிரி நின்றது. பள்ளத்தில் விழுகிற ஒவ்வொரு அடியும் நேராக அவன் வலது உள்ளங்கைக்குத்தான் போகும், வெந்துபோன இடத்தில் தொடையிலிருந்து எடுத்து ஒட்டிய தோல் இன்னும் வெங்காயச் சருகு போலத்தான் இருக்கிறது.

இந்தச் சைக்கிள் ஏன் இவ்வளவு பெரிய காரியம் என்று உனக்கு முழுக்கச் சொல்லவில்லை. சிவகாசிக்கு இந்தப் பக்கம் ஒரு காலண்டர் அச்சகத்தில் தாள் எண்ணி அடுக்கும் வேலைக்கு அவனை வரச் சொல்லிவிட்டார்கள், கார்த்திகை பிறந்ததும் சேரவேண்டும், இல்லையென்றால் வேறு ஆள். ஆனால் அவனால் வேனில் ஏற முடியவில்லை தாயி. வெடிக் கம்பெனி வேனில் எப்போதும் அவன் எதிரே உட்கார்ந்து வருவாளே முத்துப்பேச்சி, விபத்தன்றைக்கு அந்த வெடிமருந்து ரூமிலிருந்து திரும்பாதவள், எந்த வேனிலும் அந்த எதிர் சீட்டைப் பார்த்ததும் இறங்கிவிடுகிறான். பஸ்ஸும் அப்படித்தான், கதவு மூடினால் வேர்த்துக் கொட்டுகிறது. மிச்சம் இருந்தது சைக்கிள் ஒன்றுதான். அதைவிடப் பெரிய கஷ்டம் சத்தம். ஒரு கரண்டி விழுந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்வான். இந்தத் தீபாவளிக்கு அவனைச் சிவகங்கைப் பக்கம், பறவைகளுக்காக வெடி போடாத ஊர் இருக்கிறதே, அங்கே ஒரு தெரிந்த வீட்டுக்குக் கூட்டிப் போய் உட்கார வைத்தோம். உலகத்துக்கே வெடி செய்து அனுப்புகிற பரம்பரை, தீபாவளியன்று கொக்கு நாரைகளோடு ஒளிந்துகொண்டிருந்தோம்.

சரி, ஃபோர்க்குக்கு வருகிறேன். சாத்தூர் சைக்கிள் கடைக்காரர் நான் பூட்டித் தருகிறேன் என்றார், டென்மார்க் சாமானை அவர் கையிலா கொடுப்பேன், நானே உட்கார்ந்தேன். ஃபோர்க்கின் கழுத்தடியில் கோன் என்று ஒரு இரும்பு வளையம், அதை இறுக்கமாக இறக்கிவிட்டால்தான் மற்றதெல்லாம் அதன்மேல் சரியாக உட்காரும். நான் எத்தனை வருஷத்துப் போர்மேன், கம்பெனிக்குள் இரும்பை இரும்பால் அடிக்கிற வழக்கம் உண்டா, மருந்து பற்றிக்கொள்ள ஒரு பொறி போதுமே. மரச் சுத்தியல், பித்தளைக் கம்பி, எதையும் வைக்கவேண்டும், போடக்கூடாது. கை அதற்கே பழகிவிட்டது. அதோடு அன்புவும் பக்கத்தில் இருக்கிறான், சத்தம் வரக்கூடாது. அதனால் மரச் சுத்தியலால் பூ மாதிரி தட்டினேன். பக்கத்து வீட்டுப் பொன்னுத்தங்கம் எட்டிப் பார்த்து, என்ன அண்ணாச்சி, சைக்கிளைத் தட்டித் தூங்க வைக்கீகளோ, ஒரு தாலாட்டும் பாடுங்க என்றாள். ஏத்தா, இது ராக்கெட் வேலை, உனக்கு வெளங்காது என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

பூட்டி முடித்து அவனை ஏற்றிவிட்டோம். ஆலங்குளம் சிமெண்ட் லாரிகள் போய்ப் போய்க் குளமாகிக் கிடக்கிற ரோட்டில் போனான். போனவன் வெகுநேரம் கழித்துச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். பிரேக் பிடித்தால் முன்பக்கம் டொக் டொக் என்று ஆடுகிறது, ஆட்டத்தை அடக்க இறுக்கிப் பிடித்ததில் கையில் சுற்றியிருந்த துணியில் ரத்தம். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டான். உன் அம்மா என்னைப் பார்த்து, கொளுந்தனாரே, அந்தச் சனியனை எங்கனயாச்சும் தள்ளிவிட்ருங்க, எம்புள்ளைக்கு வேலையும் வேணாம் ஒண்ணும் வேணாம், வீட்டோட கெடக்கட்டும் என்று அழுதாள். நான் டென்மார்க் தேசத்தையே வம்சத்தோடு திட்டித் தீர்த்தேன், நீ மன்னிக்கவேண்டும், உன்னையும் சேர்த்துத்தான்.

மறுநாள் காலையில் வெளியே வந்து பார்த்தால் அவன் முன்சக்கரத்தைக் கழற்றி ஃபோர்க்கை உருவி மடியில் வைத்திருக்கிறான். கோனுக்கும் ஃபோர்க்குக்கும் நடுவே ஒரு போஸ்ட் கார்டைச் சொருகினான், அது உள்ளே போனது, கோன் அடிவரைக்கும் இறங்கவேயில்லை, அதுதான் ஆட்டம். என்னை நிமிர்ந்து பார்த்து, சித்தப்பா, இது மருந்து இல்ல, இரும்பு, அடிச்சாத்தான் உக்காரும் என்றான். நம் வீட்டில் இரும்புச் சுத்தியல் ஏது, பொன்னுத்தங்கம் வீட்டிலிருந்து வாங்கி வந்தேன். ஃபோர்க்கின் குழாய்மேல், கோனில் போய் முட்டும்படி ஒரு இரும்புப் பைப்பை மாட்டி என்னைப் பிடிக்கச் சொன்னான். நான் அடிக்கேன்டா என்றேன். வேண்டாம், நீங்க மறுபடியும் பூசை பண்ணுவீக என்றான். இந்த வீட்டில் அவன் கேலி பேசிக் கேட்டு எவ்வளவு காலம் ஆயிற்று.

இடது கையால் முதல் அடி அடித்தான். தெருவே அதிர்ந்தது. சுத்தியல் கீழே விழுந்துவிட்டது, முகம் சுண்ணாம்பாக வெளுத்து, மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தான். உன் அம்மா ஓடி வந்து அவன் தலையை நெஞ்சோடு அணைக்கப் போனாள், நான்தான் கையைக் காட்டி நிறுத்தினேன். அவனே சுத்தியலை எடுத்தான். கண்ணை மூடிக்கொண்டு ஒன்று, மூடிக்கொண்டே இன்னொன்று. பிறகு கண்ணைத் திறந்துவிட்டான். வளையம் அடியில் போய் உட்கார்ந்துவிட்டால் சத்தம் மாறும் சித்தப்பா, தெறிக்காம கெட்டியாக் கேக்கும் என்று சொல்லி, ஒவ்வொரு அடிக்கும் தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்தான். சத்தத்துக்கு ஓடி ஒளிந்த பிள்ளை குனிந்து அதைத் தேடிக்கொண்டிருந்தான் தாயி. கடைசியில் மாறியது. எனக்கும் கேட்டது, உன் அம்மாவுக்கும் கேட்டது. போதும் என்று சுத்தியலைக் கீழே வைத்தான்.

போன திங்கட்கிழமை வேலைக்குக் கிளம்பினான். அவனுக்குத் தெரியாமல் நான் மொபெட்டில் பின்னாலேயே போனேன். பள்ளத்துக்குப் பள்ளம் ஷாக்கு இறங்கி எழுகிறது, அவன் தோள் அசையவில்லை. ஓடைப் பாலம் வந்ததும் நிறுத்தி, திரும்பிக்கூடப் பார்க்காமல், சித்தப்பா, அந்த ஓட்டை வண்டிச் சத்தம் சிவகாசி வரைக்கும் கேக்கும், வீட்டுக்குப் போங்க, நான் போயிக்கிடுவேன் என்றான். நான் திரும்பவில்லை, நின்றேன். அவன் போகவேயில்லை. நான் வண்டியைத் திருப்பின பிறகுதான் அவன் பெடலை மிதிக்கிற சத்தம் கேட்டது. பார்க்கவேண்டும் என்று கழுத்து இழுத்தது, பார்க்காமல் வந்துவிட்டேன். வாரம் முழுக்கப் போய்வந்தான்.

நீ தலைக்கு எண்ணெய் வை, குளிரில் காதைக் கட்டிக்கொள், வெறும் ரொட்டியைத் தின்று உடம்பைக் கெடுக்காதே. அடுத்த ஞாயிறு போன் பண்ணும்போது அவனிடம் கை எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்காதே, ரோடு எப்படி இருக்கிறது என்று கேள், அவனே பேசுவான். நான் இதெல்லாம் எழுதினேன் என்று காட்டிக்கொள்ளாதே. பதினாறு பேறும் பெற்று நீ நல்லாயிருக்கவேண்டும் என்று உன் அம்மாவும் நானும் வேண்டிக்கொள்கிறோம்.

உன் சித்தப்பா,
ஊர்க்காவலன்