ஒரு செட் ஸ்பிரிங்

ஜூன் 8, ஞாயிறு

செல்லூர் சந்துக்குள் பாண்டிராஜின் பட்டறை. பக்கத்துத் தறிச் சத்தத்தில் நாங்கள் பேசுவது எங்களுக்கே பாதிதான் கேட்கும். தூக்கி நிறுத்திய எஸ்டீமுக்கு அடியில் இருவரும் படுத்துக் கிடந்தோம். மூன்று வருடத்துக்கு முன்பு சேர்ந்து வாங்கிய பழைய கார். பாலிடெக்னிக்கில் ஒரே வகுப்பு. இப்போது அவன் மெக்கானிக், நான் கே.கே. நகர் ஸ்கேன் சென்டரில். இன்ஜின் தயார். மிச்சம் சஸ்பென்ஷன். ஆகஸ்டில் கோவையில் அமெச்சூர் பந்தயம். ஒரு காருக்கு ஒருவர்தான் ஓட்டலாம். அது யார் என்று நாங்கள் இதுவரை பேசியதில்லை.

வேண்டியபடி கூட்டிக் குறைத்துக்கொள்ளும் ஸ்பிரிங் செட் எங்கள் கைக்கு எட்டாது. ஏதாவது ஒன்றைத்தான் வாங்க முடியும். கடினமானதா, மிதமானதா? பாண்டி ஸ்டியரிங்கை வெடுக்கென்று திருப்புகிறவன். அவனுக்குக் கடினமான ஸ்பிரிங்தான் பிடிக்கும். நான் வளைவில் காரைக் கொஞ்சம் சாயவிட்டு ஓட்டுவேன், எனக்கு மிதமானது. ஆக, ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுத்தால் ஓட்டுகிற ஆளையும் தேர்ந்தெடுத்த மாதிரிதான். அவனுக்கும் இது தெரியும் — பேச்சை மாற்றிக்கொண்டே இருந்தான்.

ஜூன் 11

ஸ்கேன் மெஷின் முனகிக்கொண்டிருந்தது. கண்ணைத் திறந்தபடியே ஒரு கனவு. வைகைப் பாலம் தண்ணீர் போல அசைகிறது. கார் அதன்மேல் படகாகப் போகிறது. "மூச்சைப் பிடிச்சுக்கங்க" என்று நோயாளியிடம் சொன்னவள், விடச் சொல்ல மறந்துவிட்டேன். பாவம், அந்தம்மா.

ஜூன் 15, ஞாயிறு

திருமங்கலத்தில் முத்திருளன் அண்ணனிடம் போனோம். பழைய பந்தயக் கார்களைப் பிரித்து விற்கிறவர். இரண்டு செட்டும் வைத்திருந்தார்.

"ரெண்டையும் மாட்டிப் பாருங்க. எது வேணுமோ அத எடுத்துக்கிட்டு மத்தத திருப்பிக் குடுங்க" என்றார். பிறகு, "யாரு ஓட்டுறது?"

பாண்டி என்னைப் பார்த்தான். நான் அவர் வேப்பமரத்தைப் பார்த்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

கீழக்குயில்குடி தாண்டி, இன்னும் ஒரு வீடுகூட வராத பிளாட் லேஅவுட். உரிமையாளர் பாண்டியின் வாடிக்கையாளர். கேட்டைப் பூட்டிக்கொண்டு ஓட்டச் சொன்னார். சமணர் மலை காலை வெயிலில் எடையில்லாமல் நின்றது.

முதலில் மிதமான செட், நான். இரண்டாவது வளைவில் தார் பெயர்ந்து ஒரு மேடு. கார் அதில் ஏறி இறங்கியது இடுப்பில் தெரிந்தது, கையில் தெரியவில்லை. பறப்பது இல்லை அது. தரையை விடாமலே மிதப்பது. பாண்டி போனைக் காட்டினான்: 50.4 நொடி.

செட்டை மாற்றி முடிக்கப் பதினோரு மணி. அடுத்து கடினமானது, அவன். அதே மேட்டில் பின்டயர் எழும்பியது. அடியில் ஒரு கோடு வெளிச்சம். என் போனில் 51.2.

ஹெல்மெட்டைக் கழற்றியபடி வந்தான். அப்படி மலர்ந்த முகத்தை அவனிடம் நான் பார்த்ததே இல்லை.

"எம்புட்டு?"

"அம்பது புள்ளி ஒண்ணு."

எண்ணை அழித்துவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன்? வாய் தானாகச் சொன்னது.

ஜூன் 23

கடினமான செட்தான். ஓட்டுவது பாண்டி. "ஒனக்கு வருத்தமில்லையே?" என்றான். இல்லை என்றேன். இது இரண்டாவது பொய்.

ஜூலை 6, ஞாயிறு

இன்றைக்கும் லேஅவுட்டில் பயிற்சி. அந்த மேட்டில் கார் துள்ளி, சுழன்று, சாலையை விட்டு இறங்கிக் கருவேலம் புதருக்குள் போய் நின்றது. ஓடினேன். செருப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. முள் கண்ணாடியெல்லாம் கீறியிருந்தது. அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான்.

"ஸ்பிரிங் நல்லாத்தான் இருக்கு காவ்யா. என் கைதான் சரியில்ல."

அவன் சட்டையிலிருந்த முள்ளை எடுத்தேன். உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லல. ஏன் சொல்லல?

ஜூலை 9

சொல்லிவிட்டேன்.

"அன்னைக்கு ஒன் டைம் அம்பத்தொண்ணு புள்ளி ரெண்டு. நான் பொய் சொன்னேன் பாண்டி."

ஸ்பேனரைக் கீழே வைத்தான். "எதுக்கு?"

"ஒன் மூஞ்சியப் பாத்தேன். சொல்ல முடியல."

"மூஞ்சியப் பாத்தா டைம் சொல்லுவாங்க? மூணு நாளா என் கைய நானே திட்டிக்கிட்டிருக்கேன். தங்கச்சி பவதாரிணி பேசுனாக்கூட எரிஞ்சு விழுறேன்." ஸ்பேனரை மறுபடி எடுத்துக்கொண்டான். "தோத்தா தோத்துட்டுப் போறேன். அதக்கூடக் குடுக்க மாட்டியா நீ? கெளம்பு."

தப்புப் பண்ணிட்டேன். இரக்கம்னு நெனச்சேன். அவன மட்டமாத்தான நெனச்சிருக்கேன் — தாங்க மாட்டான்னு. நடந்தே வைகைக் கல்பாலம் வரை வந்தேன்.

ஜூலை 13, ஞாயிறு

அவனிடமிருந்து போன் இல்லை. அம்மாவிடம் எங்கள் சௌராஷ்டிர மொழியில் எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்பிரிங்குக்கு அதிலும் ஸ்பிரிங்தான். முழுக்கக் கேட்டுவிட்டு அம்மா, அவனுக்கு அடி ஒன்றும் படவில்லையே என்று மட்டும் கேட்டாள்.

ஜூலை 20, ஞாயிறு

காலை ஏழு மணிக்குப் போனில் பாண்டி.

"அண்ணேகிட்டப் போயி செட்ட மாத்திட்டு வந்துட்டேன். மிதமானதப் போட்டு நானே ஓட்டிப் பாத்தேன். பவதாரிணிதான் டைம் எடுத்தா. அம்பது புள்ளி ஒம்போது. ஒன்னயத் தொட முடியல."

அவனுக்குப் பின்னால் தறிச் சத்தம் கேட்டது.

"சீட்ட முன்னாடித் தள்ளணும், ஒனக்குக் காலு எட்டாது. வாரியா?"

"வாரேன்."

ஆகஸ்ட் 18, திங்கள்

நேற்று கோவையில் பதினெட்டுப் பேரில் பதினோராவதாக வந்தேன். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். மனது திரும்பி வந்த வழியிலேயே இருக்கிறது.

பின்னால் காரை ஏற்றிய வண்டி. முன்னால் டிரைவர், பாண்டி, நான். தாராபுரம் தாண்டியதும் வெயில் சாய்ந்து, இரண்டு பக்கமும் காற்றாலைகள் தூக்கத்தில் சுற்றுவது போலச் சுற்றின.

"மூணாவது வளைவு எப்டி இருந்துச்சு?" என்றான்.

சொன்னேன். உள்ளே நுழையும்போது கார் வலது தோளில் மெல்லச் சாய்வது. ஒரு நொடி எல்லாம் ஓசையில்லாமல் ஆவது. பிறகு டயர் தரையைப் பிடித்து இழுப்பது.

கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். மடியில் கிடந்த அவன் கைகள் லேசாகத் திரும்பின. வெடுக்கென்று இல்லை, மெதுவாக.

"மொதல்லருந்து சொல்லு. எதையும் விடாத."

பந்தயம் தொடங்கும் விளக்கு எரிந்ததிலிருந்து ஆரம்பித்தேன். வாடிப்பட்டி தாண்டும்போது நாங்கள் நான்காவது சுற்றில் இருந்தோம்.